ஜெனரேட்டரை எங்கே வைப்பது

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு வரவில்லை. முருங்கைக்கீரை பாதி ஆய்ந்தபடி முறத்திலேயே இருக்கிறது. நாளைக்கு ஆகாது.

மதியம் 2.20க்குக் கரண்ட் போனது. எங்கள் மந்தைவெளித் தெரு பூராவும் இல்லை. எங்கோ கேபிள் பழுதாம். இன்வர்ட்டர் எடுத்துக்கொண்டது, இவருடைய ஆக்சிஜன் மெஷின் நிற்காமல் ஓடியது. நானும் கீரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பதே நிமிஷம். இன்வர்ட்டர் கீ, கீ என்று கத்திவிட்டு அணைந்தது. பேட்டரி பழசு. தெரியும். மாற்றவேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

கட்டிலுக்குப் பின்னால் சிலிண்டர் இருக்கிறது. ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். அசையவில்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பில் 88. அப்புறம் 84. இவர் முன்னால் குனிந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு கருக்க ஆரம்பித்தது. படிக்கட்டுக்கு ஓடிப் போய்க் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

கீழ் வீட்டு இக்பால் சாப்பிட்ட கையோடு ஏறி வந்தார். தி.நகரில் பட்டன், லேஸ் கடை வைத்திருக்கிற பிள்ளை. மதியம் ஒரு மணி நேரம்தான் வீட்டில் இருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது நல்ல காலம். ஒரே திருகு. ஸ்ஸ் என்று வந்தது.

"சார், அவசரப்படாதீங்க. மூக்கால இழுங்க. மெதுவா. மெதுவா." முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இவர் சட்டை முதுகு முழுக்கக் குழம்பு. இப்போதுதான் ஊற வைத்தேன். கரண்ட் 4.10க்கு வந்தது.



அக்டோபர் 7, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் தேவன் வந்தான். புது பேட்டரி தீபாவளி கழித்துத்தானாம், ஸ்டாக் இல்லையாம்.

"அதுவும் மூணு அவர் தாங்கும், மிஞ்சிப் போனா நாலு. மழைல ரெண்டு நாளு கரண்ட் இல்லன்னா இன்னாமா பண்ணுவ? ஜெனரேட்டர்தான் உனுக்கு செட்டாவும்."

அந்தப் புயல் வருஷம் மூன்று நாள் கரண்ட் இல்லை. அப்போது இவருக்கு மெஷின் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரம்மி ஆடினோம். இந்த வருஷம் அப்படி வந்தால்?

கவிதா புனேயிலிருந்து போன் செய்தாள். "அம்மா, கடைக்காரன் சொல்றத வாங்காத. முதல்ல எவ்ளோ வாட்ஸ் வேணும்னு எழுது." எழுதினேன்:

மெஷின் - 350
ஃபேன் 1
ட்யூப் லைட் 2
ஃப்ரிட்ஜ் (என் இன்சுலினுக்கு)
செல்போன்
ஏ.சி. கிடையாது. டி.வி. கிடையாது. இவர் கிரிக்கெட் என்பார், கூடாது.

ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கிற நொடியில் மூன்று பங்கு இழுக்குமாம். மெஷினும் அப்படித்தானாம். இத்தனை வருஷமாக இதோடு குடித்தனம் செய்கிறேன், எனக்குத் தெரியாது.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய மனுஷன். பி.டி. மாஸ்டர். கேட்டுக்கு வெளியே நிற்கிற பையன் ஓடி வருவான் இவர் குரலுக்கு. இப்போது ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குகிறார். நுரையீரல் தேங்காய் நார் மாதிரி இறுகிவிட்டது என்றார் டாக்டர்.

அக்டோபர் 8, புதன்

வெயில். ஜெனரேட்டர் கடைக்கு மவுண்ட் ரோடு. எங்கள் ஆறு வீட்டுக்கும் செக்ரட்டரியான வெங்கடேசன் இவருக்குத் துணையாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் ஒரு அம்மாவிடம்: "தீவாளிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல கீது, அதுக்குள்ள மூணு மூட்டையா? ஓரமா வைம்மா, ஜனம் ஏறணும்."

கடையில் இருந்தவர் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். "யாரு மேடம் எழுதுனது?" நான்தான் என்றேன். அதற்கப்புறம் பேச்சில் கொஞ்சம் மரியாதை.

காட்டியவை:

1. சிவப்பு. பெட்ரோல். விலை குறைவு. ஓட்டிக் காட்டினார். எதிர்க் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எங்களை முறைத்தார்.

2. சூட்கேஸ் மாதிரி கைப்பிடி வைத்தது. சத்தம் ரொம்பக் கம்மி. எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். இழுத்தேன். இரண்டாவது தடவை வலது தோளில் மின்னல். "வீட்ல சார் இழுத்துடுவாருல்ல மேடம்?" என்றார். சாருக்காகத்தான் வாங்குகிறேன் என்றேன். அவர் கயிற்றை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி உள்ளே விட்டார்.

3. பெட்ரோல். சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகும். சத்தம் நடுத்தரம். கனம் அதிகம், இரண்டு பேர் தூக்கவேண்டும்.

4. டீசல். பீரோ சைஸ். ஆறு வீட்டுக்கும் ஆகும், தண்ணீர் மோட்டாருக்கும் ஆகும்.

விலை இங்கே எழுதப் போவதில்லை. இவர் தப்பித் தவறிப் படித்தால் வேண்டாம் என்பார்.

வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் இவருக்கு இருமல். கால் மணி நேரம் நிற்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, என் புடவையில் புகை. கடையில் பத்து நிமிஷம் ஓடிய புகை பஸ்ஸில் வந்தும் போகவில்லை. உடனே குளித்தேன்.

அந்தப் புகை இங்கே எங்கே போகும்? யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பத்து மாசம் இருப்பேனா... பத்து நாளான்னு... தெரியாது. அதுக்கு... ஒரு இன்ஜினா?"

"இருக்கற வரைக்கும் மூச்சு விடணும்ல?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். இவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெந்நீர் கொடுத்து, அந்தப் பேச்சு அதோடு நின்றது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

துவரம்பருப்பு, சீயக்காய், ரசப்பொடி வாங்கவேண்டும்.

அக்டோபர் 11, சனி

படிக்கட்டில் மீட்டிங். நாற்காலி கிடையாது, அவரவர் படியில்.

வெங்கடேசனுக்கு டீசல்தான். "வாங்கறதே வாங்கறோம், எல்லாருமா சேர்ந்து பெரிசா வாங்கிண்டுடலாம். எங்காத்துல மாடி ஏறித் தண்ணி தூக்க ஆள் இல்லே. கீழ அந்த மூலை காலியாத்தானே இருக்கு?"

எனக்குச் சந்தோஷம். ஆறு வீடும் சேர்ந்தால் எனக்கு என்ன கஷ்டம்?

இக்பால் எழுந்து நின்றார். "அந்த மூல வேணாம் சார். எங்க பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா இருக்கு. உள்ள தொட்டில். கொழந்தை ஏழு மாசத்துல பொறந்தது, புகை ஆகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஆன்ட்டி, உங்களுக்கு வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மூல மட்டும் வேணாம்."

"ஜன்னல சாத்திக்கோங்களேன்," என்றார் வெங்கடேசன்.

"சாத்திட்டு கொழந்தை எப்படி சார் இருக்கும்?"

அப்போது நான் பேசினேன். "அன்னைக்கு ஓடி வந்து மூச்சு குடுத்தது நீங்கதான். இன்னைக்கு வேணாங்கறதும் நீங்கதான். உங்க வீட்ல மட்டும்தான் மூச்சு விடறாங்களா?"

இக்பால் தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கிப் போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

மந்தாரம். மாடவீதி வரை போய் வெறும் கையோடு வந்தேன். எதற்குப் போனேன் என்றே மறந்துவிட்டது. வாசலில் இக்பால் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க ஆன்ட்டி" என்றார். எப்போதும் போல. அது இன்னும் மோசம்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

தேவனிடம் கேட்டேன், என் பால்கனியில் வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லையே என்று.

"பால்கனியா? யம்மா, அத மறந்துடு. எனுக்குத் தெரிஞ்ச ஒரு வூட்ல மழைன்னு உள்ள இஸ்து வச்சி ஓட்னானுங்க. அந்தப் புகைல ஒரு கேஸு கீது, வாசன கெடயாது, கண்ணுக்கும் தெரியாது. தூக்கம் வர்றா மாறி வரும். அவ்ளோதான். நாலு பேரையும் ஆஸ்பத்திரிக்கு வாரிக்கினு போனோம். சாரு கீற கண்டிசனுக்கு அஞ்சு நிமிசம் தாங்க மாட்டாரு."

இருக்கிற இடங்கள்:

கீழ் மூலை - குழந்தை
பால்கனி - கூடாது
பின்பக்கம் - மழைக்கு முழங்கால் தண்ணீர்
வாசல் - கார்ப்பரேஷன்காரர் விட மாட்டார்
மொட்டை மாடி - ? கனம். மழை. வெங்கடேசனின் துணிக்கொடி.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை 11க்கு ஷமீம் வந்தாள், இக்பாலின் மனைவி. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, தன் அம்மாவைக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அவரு மேல கோவமா ஆன்ட்டி?"

"என் மேலதான்மா கோவம். உள்ள வா."

இவர் தூங்கிக்கொண்டிருந்தார். மெஷினை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் விரலில் கிளிப். அதைக் குனிந்து படித்தாள். "தொண்ணூத்தி மூணு. பரவால்ல." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வருகிற யாருக்கும் அந்த நம்பர் படிக்கத் தெரியாது.

"பாப்பா முப்பத்தி நாலு நாள் இதுலதான் இருந்தா ஆன்ட்டி. கால்ல கட்டியிருப்பாங்க, தம்மாத்தூண்டு கிளிப்பு. எம்பத்தஞ்சுக்குக் கீழ போனா டிங் டிங்னு அடிக்கும். நர்ஸ் ஓடி வரும். இப்ப வீட்ல குக்கர் விசில் அடிச்சாக்கூட நான் எந்திரிச்சு ஓடறேன்."

காபி வேண்டாம் என்றாள். அப்புறம் குடித்தாள்.

"நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"நானா இருந்தா இன்னும் பேசியிருப்பேன்" என்றாள்.

சாயங்காலம் கீழே போய்க் குழந்தையைப் பார்த்தேன். பெயர் ஜைனப். என் கைக்கு ஒரு முழம்கூட இல்லை. தொட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த அறையில் வேறு இடமே கிடையாது, நானே சுற்றிப் பார்த்தேன். ஜன்னலில் நின்றால் மூலை கைக்கு எட்டுகிற தூரம்.

டீசல் கிடையாது. முடிவு.

அக்டோபர் 15, புதன்

மூன்று மணிக்குக் கடல்காற்று வந்தது. தேவன் யோசனை: தூபக்காலில் சாம்பிராணி போட்டு எடுத்துக்கொண்டு இடம் இடமாக வைத்துப் பார்ப்பது. இக்பாலும் கடைக்குத் திரும்பாமல் நின்றார். தீபாவளி வியாபாரத்தை விட்டுவிட்டு.

கீழ் மூலையில் புகை சுவரோடு கொஞ்சம் நின்றது. அப்புறம் நேராக ஜன்னலுக்குள். யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போன மாதிரி. வெங்கடேசனும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. அங்கே வைத்ததும் புகை பக்கத்து வீட்டு வேப்பமரத்துக்கு மேலே போய் அப்படியே கலைந்தது. இரண்டு தடவை வைத்துப் பார்த்தோம். சமையலறைப் பக்கம் ஓடிப் போய் மோந்து பார்த்தேன். சாம்பிராணி வாசனை துளி இல்லை.

வெங்கடேசன்: "என் துணிக்கொடி அங்கதானே இருக்கு?"

இக்பால்: "நான் அந்தப் பக்கம் கட்டித் தரேன் சார்."

வெங்கடேசன்: "கட்டறதானா ஸ்ட்ராங்கா கட்டுங்கோ. வேஷ்டி கனம்."

ஆக, மூன்றாம் நம்பர். சாவி போடுகிறது.

இவரிடம் சொன்னேன். "புகைய வச்சு... புகைய... கண்டுபிடிச்சீங்களா?" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு முழு சிரிப்பு, இருமாமல்.

அக்டோபர் 17, வெள்ளி

வாங்கியாயிற்று. தேவனும் இக்பாலும் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு பெயர்ந்தது. "நைனா, பாத்து, என் கால் உள்ள கீது!" என்று தேவன் போட்ட கத்தலில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது.

மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனி ஒயர், ஒரு மாற்று சுவிட்ச். கரண்ட் போனால் சுவிட்சை மேலே தள்ளவேண்டும், மறக்கவே கூடாது. "இல்லன்னா நம்ம கரண்ட் தெரு லைனுக்குப் போவும். அங்க எவனாச்சும் லைன்மேன் கம்பியத் தொட்டுக்கினு இருப்பான். அவன் பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சிக்க." தேவன் சொன்னதைச் சிவப்புப் பேனாவில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

இவர் பெயரில்தான் பில்.

அக்டோபர் 18, சனி

ஓட்டிப் பழகினோம். பெட்ரோல் வால்வு, சோக் (வெளியே இழுத்தால்தான் இன்ஜின் பிடிக்கும்), சாவி. ஓடியதும் சோக்கை உள்ளே தள்ளவேண்டும். நான் இரண்டு தடவை செய்தேன். எனக்கு வந்துவிட்டது. மாடிப்படி ஏறி இறங்கியதில் முட்டிதான் விட்டுப்போயிற்று.

அப்போதுதான் யாரும் யோசிக்காத ஒன்று. கரண்ட் போய் இன்வர்ட்டரும் கத்தும்போது இவரை விட்டுவிட்டு நான் எப்படி மாடிக்குப் போவேன்? அன்றைக்குப் படிக்கட்டு வரை போனதற்கே என் உயிர் போய்விட்டது.

இக்பால் பகலில் கடையில். வெங்கடேசனுக்கு இருதயம். தேவன் எங்கே இருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

"நான் ஏறறேன்," என்றாள் ஷமீம்.

"உனக்கு பாப்பா இருக்கே" என்றேன்.

"அம்மா இருக்காங்கல்ல? என்ன, ரெண்டு மாடிதானே."

துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து தேவனிடம் கற்றுக்கொண்டாள். சோக்கை மட்டும் மூன்று தடவை கேட்டாள். செல்போனில் படமும் பிடித்துக்கொண்டாள். சாவி ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிவதற்கு முன்பே வெடி. ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துண்டு. இவருக்கு 90, 89, மறுபடி 91. வேட்டி முனையில் மஞ்சள் வைத்து மடியில் கொடுத்தேன், கட்டிக்கொள்ளத் தெம்பில்லை. கீழே ஷமீம் வீட்டிலும் எல்லாம் சாத்தித்தான் கிடந்தது. மைசூர்பாகு கொடுத்து அனுப்பினேன். கொஞ்சம் கெட்டிதான். கரண்ட் போகவில்லை.

அக்டோபர் 22, புதன்

நேற்றிலிருந்தே விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். பால் வந்தது, பேப்பர் வரவில்லை. ஷமீமின் அம்மா தீபாவளிக்கு முந்தின நாளே ராயப்பேட்டைக்குப் போனவர் மழையில் திரும்பி வரமுடியவில்லை.

1.05க்குக் கரண்ட் போனது. கண்ணெதிரே எதிர்ப்பக்க டிரான்ஸ்பார்மரில் ஒரு நீல வெளிச்சம், டமார். இது சீக்கிரம் வராது என்று தெரிந்துவிட்டது. இன்வர்ட்டரில் நாற்பது நிமிஷம். இவர் காலையிலிருந்தே சரியில்லை. 90க்கு மேல் ஏறவில்லை. சிலிண்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். ஸ்பேனரை மாட்டியே வைத்தேன்.

இக்பாலுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவே அரை மணி ஆயிற்று. உஸ்மான் ரோட்டில் தண்ணீர், ஸ்கூட்டர் நின்றுவிட்டது, நடந்து வருவதாகச் சொன்னார். ஷமீமுக்குப் போன் போட்டேன். குழந்தையோடு தனியாக இருக்கிறாள் என்பது பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. "வேணாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

கதவைத் தட்டினாள். துண்டில் சுற்றிய குழந்தை. "புடிங்க ஆன்ட்டி." கையில் வைத்துவிட்டு மேலே ஓடினாள். குடை இல்லை.

இன்வர்ட்டர் கீ, கீ. நான் மாற்று சுவிட்சுக்குப் போகவேண்டும். கையில் குழந்தை. இதைப் படுக்கையில் போடவா, கீழே விடவா? இவர் இரண்டு கையையும் நீட்டினார். நாற்காலியில் நிமிர்ந்து, தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு. கொடுத்தேன்.

சுவிட்சை மேலே தள்ளினேன். மேலே சாவி திருப்புகிற சத்தம். கர்ர். நின்றது. மறுபடி கர்ர். நின்றது. இன்வர்ட்டர் அணைந்து மெஷினும் நின்றது. ஸ்பேனரைப் பிடித்துவிட்டேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி ஊதி மூச்சு விட்டார், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த மாதிரி. இத்தனை நாள் நான் சொன்னால் செய்ய மாட்டார்.

மூன்றாவது தடவை பிடித்தது. மாடி அதிர்ந்தது. ட்யூப் லைட் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. மெஷின் பீப் என்றது. 85. 87. பத்து நிமிஷத்தில் 91.

ஷமீம் தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட வந்தாள். "சோக்க இழுக்க மறந்துட்டேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அழுதாள். துண்டு கொடுத்தேன். என் பழைய நைட்டி ஒன்றைக் கொடுத்தேன், அவளுக்கு இரண்டு சுற்று பெரிசு. கேஸில் ரசம் வைத்து மூன்று பேரும் சாப்பிட்டோம். இக்பால் மூன்று மணிக்கு முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். குழந்தையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெட்ரோல் இன்னும் இரண்டு லிட்டர் வேண்டும். கரண்ட் வரவில்லை, மழையும் விடவில்லை.

நாலரைக்கு ஷமீம் குழந்தையை எடுக்கக் கை நீட்டினாள். இவர் விரலை உதட்டில் வைத்தார்.

"தூங்குது... எழுப்பாத."

எட்டிப் பார்த்தேன். தூங்கவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு இவர் மூக்குக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷமீமும் பார்த்தாள். சரி அங்கிள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.